சிற்றூர் ரயில் நிலையத்தில் வண்டி ஏறும் முன்

இந்தியாவில் சிற்றூர் நிலையம் ஒன்றிலிருந்து புறப்படுபவர், தாம் நினைத்திருக்கும் வண்டி அங்கே நிற்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். விரைவு வண்டிகள் பல இத்தகைய நிலையங்களில் நிற்பதில்லை. நிலையத்தின் கால அட்டவணைப் பலகையைப் பார்க்கலாம், அல்லது 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழைக்கலாம்.

முன்பதிவில்லாப் பயணச்சீட்டில்தான் பலர் தவறுகிறார்கள். 199 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்குச் சீட்டு எடுத்தவர், வாங்கிய 3 மணி நேரத்துக்குள் அல்லது சேருமிடத்துக்கான முதல் வண்டி புறப்படுவதற்குள், இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே, வண்டிகள் அடிக்கடி ஓடும் தடத்தில், மாலைப் பயணத்துக்குக் காலையிலேயே சீட்டு வாங்கி வைப்பது வீண். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 3 நாள் முன்னதாகவே வாங்கலாம். சாதாரணக் கட்டணச் சீட்டுடன் விரைவு வண்டியில் ஏறக் கூடாது என்பதையும், வண்டியின் வகையைச் சாளரத்திலேயே சொல்லிச் சீட்டுக் கேட்க வேண்டும் என்பதையும் நான் வலியுறுத்திச் சொல்வேன்.

வண்டி பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களே நிற்குமாதலால், நம் பெட்டி நடைமேடையில் எங்கே வரும் என்பதை நிலைய ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அவ்விடத்தில் காத்திருக்க வேண்டும். நடைமேடை தாழ்வாக இருந்தால், முதியவர்களை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு மூட்டைகளை ஏற்றுங்கள்.