சோனாரில நண்டோட சிப்பி ஓடும் நகர்ந்தது: என் அனுபவம்

திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில மகாவலி ஆறு வந்து விழுற பக்கம் கலங்கல் தண்ணிக்குள்ள கமரா ஒண்டும் காட்டாது, அதால ஒலியை அனுப்பி எதிரொலியால படம் பிடிக்கிற 1.8 மெகாஹேட்ஸ் இமேஜிங் சோனாரை இரும்புச் சட்டத்தில பூட்டி அடியில வச்சு, சின்ன நண்டுகள் இரவில எவ்வளவு தூரம் போகுது எண்டு பாத்தம். நாலு நாள் பதிவும் குழப்பம். எல்லா நண்டும் ஒரே நேரத்தில ஒரே பக்கம் போய்த் திரும்பி வருது.

நீரோட்டம் எண்டு நினைச்சம், எதிரொலியைப் பெருக்கிற அளவை, அதான் கெயினைக் குறைச்சம், பிறகு உப்புத்தண்ணியும் நன்னீரும் கலக்கிறதால ஒலி வேகம் மாறுதோ எண்டு அதையும் திருத்தினம், 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில நன்னீரில செக்கனுக்கு ஏறத்தாழ 1504 மீற்றர், கடல்தண்ணியில 1540, ஆனா அது தூரத்தை ரெண்டு மூண்டு வீதம்தான் மாத்தும், படத்தை இப்பிடி ஆட்டாது.

கடைசியிலதான் மூலையில கிடந்த வெறும் சிப்பி ஓட்டைக் கவனிச்சன். அதுவும் நண்டுகளோட சேந்து நகருது! அப்ப ஆடினது சோனார்தான். வள்ளம் நங்கூரத்தில சுத்தேக்க, சோனாரிலயிருந்து வள்ளத்துக்கு வாற கேபிள் இறுகிச் சட்டத்தை இழுத்திருக்கு. கேபிளைச் சட்டத்தின்ர காலிலயே கட்டி மிச்சத்தைத் தளர்வா விட்டம், கால் சேத்தில புதையாம அகலத் தகடும் போட்டம். அண்டைக்கு இரவே ஒவ்வொரு நண்டும் தன்ர பாட்டில போச்சு, அப்பாடா எண்டு இருந்திச்சு. இப்ப ஒரு செங்கல்லையும் எப்பவும் படத்துக்குள்ள வைக்கிறம், அது அசைஞ்சா அந்தப் பதிவுத் துண்டைக் கணக்கில எடுக்கிறேல்ல.