சேர்வராயன் மலையில் கற்கோடரியைப் பார்த்தால் என்ன செய்வது?

முதல் வேலை, கையில் எடுக்காமல் இருப்பது. எடுத்துவிட்டால் அது வெறும் அழகான கல், அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையைப் பாருங்கள். அங்கே இரும்புப் பொருள்கள் கிடைத்த அகழாய்வுக் குழியில் 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலம் கண்டார்கள், தமிழ்நாட்டு இரும்பின் வயது பற்றிய பேச்சே அதற்கப்புறம் மாறியது. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற விவரம் இல்லாமல் அந்த எண்களுக்கு மதிப்பே இல்லை.

சரி, நம்ம மலைக்கு வருவோம். புதிய கற்காலக் கோடரி, அதாவது கல்லைத் தீட்டிக் கருவி செய்த காலத்துக் கோடரி, எப்படி இருக்கும்? ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று விளிம்பாக முடியும், அந்த விளிம்பு பளபளவென்று தீட்டப்பட்டிருக்கும். ஓடைக்கல்லும் வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதில் இரண்டு பக்கமும் சரிவாக வந்து சேரும் கூர்விளிம்பு இருக்காது. மலையில் இவை பெரும்பாலும் கண்ணில் படுவது காட்டில் அல்ல, மரத்தடிப் பிள்ளையார் கோயில்களில்தான். எண்ணெய் தடவி சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆங்கிலேயப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைக் குறித்து வைத்திருக்கிறார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஆள்தான், பிற்காலத்தில் இதே மலையிலுள்ள ஏற்காட்டில் குடியிருந்தார். அதனால் கோயிலில் பார்த்தால் ஊர்ப் பெரியவரிடம் “அய்யா, போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வந்துவிடுங்கள். எண்ணெயைத் துடைத்துப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம்: உச்சி வெயிலில் எடுத்தால் தீட்டிய தடம் தெரியாது, காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாணயம். கல்லை மட்டும் எடுக்காமல் பத்தடி தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம், அப்புறம் போனில் ஜிபிஎஸ் எண்கள். ஊர்ப்பெயர், ஓடை, யார் தோட்டம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்துவிடும்.

கீழே சேலத்துக்கு அருகில் கஞ்சமலைப் பக்கம் போனால் தேட வேண்டியது வேறு, இரும்புக் கசடு, அதாவது தாதுவை உருக்கி இரும்பு எடுத்தபின் மிஞ்சும் கழிவு. கறுத்து, குமிழி ஓட்டைகளோடு, உருகி வழிந்த வரிகளோடு இருக்கும். காந்தம் கொண்டுபோய் சோதிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் அங்கே ஏமாறுவார்கள், ஏனென்றால் அந்த மலையின் தாதுக்கல்லே மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது, அதுவும் ஒட்டும். கசடோடு கரித்துண்டு தெரிந்தால் தோண்டாதீர்கள், காலம் கணிக்க உதவுவதே அந்தக் கரிதான்.

படங்களை முகநூலில் போடலாமா? படம் சரி, ஆனால் இடத்தைப் போடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடப்பாரையோடு ஆள் வந்துவிடும். விவரத்தை மாநிலத் தொல்லியல் துறைக்கோ சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதி அனுப்புங்கள். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அதற்கு கிராம நிர்வாக அலுவலரைப் பிடிப்பதுதான் சுலபமான வழி.