மாத்திரைக்கு மசியாத கட்டி: செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்குப் புதிதாக வந்த பயிற்சி நர்ஸ் பெண், ஒருவரின் தொடைக் கட்டியை டாக்டர் கீறியதும் பொங்கி வந்த சீழைக் காஸ் துணியால் ஒற்றி எடுத்து, கழிவு போடும் மஞ்சள் கவருக்குள் போட்டுவிட்டாள். "மக்களே, அது வேணும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் துணி உள்ளே போய்விட்டது. புண்ணைப் பளிச்சென்று துடைத்துவிட்ட நிறைவு அவள் முகத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே நிறைவோடு அதே தவறைச் செய்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவில் பக்கம் பல வருடமாகப் புண் கட்டுவதுதான் என் வேலை. இரண்டு பருவமழையும் பெய்கிற, வியர்வை காயாத ஊர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், சூளையில் நிற்கிறவர்கள் என்று தோலில் கீறல் இல்லாத ஆளைப் பார்ப்பதே அபூர்வம். கையைக் கழுவுங்கள், கட்டியைப் பிதுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சீழைத் தூக்கி எறிவது

எங்கள் பக்கத்தில் சலம் என்போம். கட்டியிலிருந்து முதலில் வருகிற அந்தச் சலம்தான் உள்ளே இருப்பது எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்பதைச் சொல்லும். அதைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பாமல் எறிந்துவிட்டு மாத்திரையை ஊகத்தில் கொடுப்பதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டுத் தொழிலாளி அண்ணன் ஒருவர் கெண்டைக்காலில் கட்டியோடு வந்தார். கீறினோம், நான் துடைத்தேன், எறிந்தேன். அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை ஐந்து நாள். ஆறு நாள் கழித்துப் பக்கத்திலேயே இன்னொரு கட்டியோடு வந்தார். மறுபடி கீறினோம், மறுபடி எறிந்தேன். இந்த முறை செஃபிக்சிம். மூன்றாவது முறை வந்தபோது காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்த பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே?" என்பதுதான். எங்களிடம் இல்லை.

அன்றைக்கு அனுப்பியதற்கு மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. அவர் அதுவரை காசு கொடுத்து விழுங்கிய இரண்டு மருந்தும் கேட்காது என்று பொருள். கேட்கும் என்று இருந்தவற்றில் ஒன்று கோ-ட்ரைமாக்ஸசோல். பழைய மருந்து, விலையும் குறைவு. கட்டியை நன்றாகத் திறந்துவிட்டு டாக்டர் அதைக் கொடுத்தார், கால் ஆறியது. ஆனால் அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் அவர் வெட்டுக்குப் போகவில்லை, அவருடைய மரங்களை வேறொரு ஆள் வெட்டிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டு மாற்றிய அன்று அவர் சண்டை போடவில்லை. "சிஸ்டர், அந்தச் சலத்த மொதல் நாளே அனுப்பியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் அந்த மாத்திரைகள் கேட்கவில்லை? பென்சிலின் வகை மருந்துகளும் செஃபலோஸ்போரின் வகையும், கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தைப் பிடித்து நிறுத்தும். எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த வேலைக்கு இன்னொரு கொத்தனாரை வைத்திருக்கிறது. மருந்து பழைய கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, புது ஆள் சுவரைக் கட்டிக்கொண்டே போவார். கிளாவுலனேட் சேர்த்தாலும் பயனில்லை, அது தடுப்பது மருந்தை உடைக்கும் என்சைமை மட்டும்தான். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. மெத்திசிலின் 1959-இல் புழக்கத்துக்கு வந்தது, 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸை இங்கிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது யாரும் மெத்திசிலின் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் நிற்கிறது. ரிப்போர்ட்டில் செஃபாக்ஸிட்டின் என்ற பெயருக்கு எதிரே 'ஆர்' (கேட்காது) என்று இருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. என்று புரிந்துகொள்ளலாம்.

லேப் அண்ணன் ஒருநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிருமி வளர்ந்து வெண்மையாகப் படர்ந்த தட்டு. அதன் மேல் மருந்து ஊறிய பொட்டு பொட்டான காகித வில்லைகள். மருந்து கேட்கிற இடத்தில் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமை. கேட்காத இடத்தில் வில்லையின் விளிம்பு வரை வளர்ச்சி. கிளிண்டாமைசின் வட்டம் மட்டும் எரித்ரோமைசின் வில்லை இருந்த பக்கம் சப்பையாகி, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் கிளிண்டாமைசின் முதலில் கேட்பது போல் தெரிந்து, பாதியில் கைவிட்டுவிடலாம். மேலோட்டமாகப் பார்த்தால் 'எஸ்' (கேட்கும்) என்றே எழுதத் தோன்றும். ஊகத்தில் மாத்திரை எழுதுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆகவே கீறும் முன்னால் நீங்களே கேளுங்கள்: "டாக்டர், சீழைக் கல்ச்சருக்கு அனுப்பலாமா?" மாத்திரை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், தொடங்கிய பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். மேலே காய்ந்திருப்பதைத் தொட்டு எடுப்பதிலும் பயனில்லை, தோலில் சும்மா இருக்கும் கிருமிதான் வரும். சலைனால் மேல்தோலைத் துடைத்துவிட்டு உள்ளிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பதே நல்லது. எடுத்ததை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாமல் உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும்.

சின்னக் கட்டிக்கெல்லாம் கல்ச்சர் தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு மாத்திரை தோற்றுவிட்டது, சர்க்கரை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது என்றால் சில நூறு ரூபாயைப் பார்க்காதீர்கள். நோய் கடுமையாக இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை மருந்தில்லாமல் காத்திருக்கவும் வேண்டாம். சீழை எடுத்துக்கொண்டு டாக்டர் மருந்தைத் தொடங்குவார், ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவார். வந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வீட்டு டப்பாவில் மீந்த மாத்திரை

வேறொரு நோய்க்கு வாங்கியது இந்தக் கட்டிக்கு மருந்தாகாது.

மெடிக்கலில் கட்டியைக் காட்டி மாத்திரை வாங்குவது

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்கு மருந்து வாங்கப் போனவர்கள் சிலர், "அங்க சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தரமாட்டேங்கிறாங்க" என்று என்னிடம் குறைப்பட்டார்கள். கேரளத்தில் 2024 ஜனவரியில் இதற்காகவே ஆபரேஷன் அம்ரித் என்று மருந்துக்கடைகளில் சோதனையைத் தொடங்கினார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இங்கேயும் அதே கண்டிப்பு வேண்டும்.

கீறலுக்குப் பயந்து மாத்திரையை நம்புவது

சீழ் கோத்த பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை. எவ்வளவு விலையுள்ள மருந்தும் அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. திறந்து இறக்குவதுதான் பாதி வைத்தியம். சின்னக் கட்டிக்குச் சில சமயம் அதுவே முழு வைத்தியம். பிடரியில் பல வாயோடு வரும் ராஜபிளவை இருந்தால், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள், ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் திறந்த புண்ணுக்குள் அது போகவே கூடாது. காய்ந்து கட்டியாகிப் போனதைச் சுரண்டி எடுக்கும்போது அவர்கள் படும் வேதனையைப் பார்க்கச் சகிக்காது.

கடலில் பட்ட காயம் என்று சொல்லாமல் விடுவது

குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் "சின்ன முள்ளு குத்துச்சு" என்று மட்டும் சொல்வார்கள். மீன் முள்ளா, வலையா, கடல் தண்ணீர் பட்டதா என்று நான் தோண்டித் தோண்டிக் கேட்பேன். மருந்துக்கு அடங்காத எல்லாப் புண்ணும் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. கடல் நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு, ஈரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அவை ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இன்னொன்று மைக்கோபாக்டீரியம் மரினம். அது மெதுவாக வளரும், விரலில் கரணை மாதிரி வாரக்கணக்கில் நிற்கும், சாதாரணக் கல்ச்சரில் தெரியாது. கடல் என்ற ஒரு சொல் கேட்டால்தான் டாக்டர் அதற்கான டெஸ்டை எழுதுவார்.

மூன்று மருந்து கலந்த கிரீம்

அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு குறையும், கிருமி குறையாது.

டாக்ஸிசைக்ளினை விழுங்கும் விதம்

கட்டிக்கு டாக்டர் இந்த மாத்திரையை எழுதியிருந்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்குங்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து வேண்டாம், மருந்து உடம்பில் சேராது. வெயிலில் தோல் சட்டென்று கருகும், அதனால் கடலுக்குப் போகிறவர்கள் முன்பே டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை ஆனாலும் உடம்பெல்லாம் தடிப்போ வாய்க்குள் கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்.

ஆறிய பிறகு துண்டை மறப்பது

எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி மூக்குத் துவாரத்தில் சத்தமில்லாமல் குடியிருக்கும். புண் ஆறி இரண்டு மாதத்தில் அதே வீட்டுப் பையனோ அம்மாவோ கட்டியோடு வருவதை நிறையப் பார்த்துவிட்டேன். விசாரித்தால் கொடியில் ஒரே துண்டு, குளியலறையில் ஒரே ரேசர். ஆளுக்கு ஒரு துண்டு வையுங்கள், புண் உள்ளவரின் துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மூக்கில் தடவ முபிரோசின் களிம்பு, தினம் இரண்டு வேளை ஐந்து நாள், கூடவே குளோர்ஹெக்சிடின் குளியல் என்று டாக்டர் எழுதலாம். எழுதாமல் நீங்களாக மாதக்கணக்கில் தடவாதீர்கள். அதற்கும் அடங்காத கிருமி வந்துவிட்டது.

மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டி

தொடவே தொடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கண் வீங்கினாலோ கடும் தலைவலி வந்தாலோ நேரே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், நடு ராத்திரி ஆனாலும் சரி.