கடல் கடந்திருந்து கோல்ஃப் பயிற்சி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் கோல்ஃப் பழகிய நம் ஊர்க்காரர்கள் சிலர், பொள்ளாச்சி, தாராபுரம், கோபி பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல எண்ணம். அது பாதியில் நின்றுபோகக் கூடாது. அப்படி நின்றுபோனால் பணத் தட்டுப்பாட்டைக் காரணமாகச் சொல்வார்கள். என் பார்வையில், மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கு முடிவெடுக்கும் உரிமை தராததுதான் முதல் தவறு.

கோவையில் காலை 6 மணிக்குப் பயிற்சி தொடங்கும்போது, கோடையில் டெக்சாஸில் முந்தைய நாள் இரவு 7.30. வேலை முடிந்த உற்சாகத்தில் வீடியோ அழைப்பில் வந்து, "பிடியை மாற்று, தோளைத் திருப்பு" என்று சொல்லத் தோன்றும். பயிற்சியாளரோ போன வாரம்தான் வேறு பிடியைப் பழக்கியிருப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாரைப் பார்க்கும், செல்போனைப் பார்க்கும், கடைசியில் பந்தைப் பார்க்காமலே அடிக்கும். சொல்ல வேண்டியதைப் பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். பந்து வாங்கவும் வேன் வாடகை கொடுக்கவும் அவர் கையில் முன்பணம் இருக்கட்டும்.

அடுத்தது காலக் கணக்கு. அங்கே விடுமுறை என்று ஜூன், ஜூலையில் முகாம் போடுகிறார்கள். இங்கே அப்போதுதான் பள்ளி திறந்து பாடம் சூடுபிடிக்கும். போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. உடுமலைப் பக்கம் புதிதாக அடிப்பவரின் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களின் அதிகாலைதான் தோது. காற்றுக் காலத்தில் தரையோடு பந்தை உருட்டும் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம்.

அதற்குக் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கோல்ஃப் மைதானம் வரை வர வேண்டியதும் இல்லை. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பள்ளி மைதானத்தில் புதைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு. தரையைப் பெருக்கிச் சமன்செய்தால் போதும். முழு வீச்சுப் பழக மென்பந்து கொடுங்கள். 45 கிராம் எடையுள்ள அசல் பந்தை, நூறு பிள்ளைகள் ஓடும் மைதானத்தில் அடிக்கவிடுவது ஆபத்து. பெரியவர்களின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கி அனுப்புவதும் வேண்டாம். தண்டு விறைத்து, தலை கனத்து, பிள்ளையின் வீச்சையே கெடுத்துவிடும்.

பண விஷயத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்கும் அறக்கட்டளைக்கு அதற்கான பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இதையெல்லாம் தவிர்க்க மச்சானின் கணக்குக்கு அனுப்பி, அதிலிருந்து சம்பளம் கொடுக்கச் சொல்வது அவரையும் சிக்கலில் இழுத்துவிடும் வேலை. முதல் ரூபாயை அனுப்பும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் நான்காம் இடம் வந்ததைச் சொல்லிப் பெண் பிள்ளைகளை அழைக்கிறோம். ஆனால் இருட்டு விலகாத நேரத்தில் பெண் துணை இல்லாத வேனில் எந்தத் தாய் அனுப்புவார்? ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனித்திருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். பாலியல் அத்துமீறல் புகார் வந்தால் ஊருக்குள் பேசித் தீர்க்க நினைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நன்கொடையாளருக்குக் காட்டப் பிள்ளைகளின் முகங்களைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடுவதும் தவறு.

பத்தாம் வகுப்புக்குப் போனதும் பாதிப் பேர் வராமல் போவார்கள். பெயரை அடித்துவிடாதீர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் வரச்சொல்லி, பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலில் வீட்டுக்கே போய்க் கூப்பிடும் பொறுப்பைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.