பூமிக்குள் நெருப்புக் குழம்பா? நிலவியல் முதல் பாடம் நடத்துவோருக்குச் சில யோசனைகள்

நிலவியல் முதலாண்டு வகுப்பில் முதல் நாள் நான் பாடம் எடுப்பதில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உன் காலடியிலிருந்து பூமியின் நடுவரை தோண்டிக்கொண்டே போனால் என்னென்ன வரும்? வரைந்து காட்டு" என்பேன். பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண்ணும் கிடையாது. திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். மேலே மண், அப்புறம் பாறை, அதன் கீழே ஓடும் ஓர் ஆறு, அதற்கும் கீழே முழுக்க நெருப்புக் குழம்பு. அந்தத் தாள்களில் சிவப்பு மை படக்கூடாது. எதை எந்த வரிசையில் நடத்தலாம் என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

ஆற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டில் போர்வெல் போட்ட மாணவன் ஒருவன் எப்படியும் இருப்பான்; அவனைப் பேச விடுங்கள். முதலில் மண் வந்தது, அப்புறம் கல்பொடி புகையாகப் பறந்தது, நடுவில் ஈரம் தட்டியது, மறுபடி வெறும் புகை என்பான். ஆறு ஓடினால் அதற்குக் கீழே உலர்ந்த பொடி எப்படி வரும் என்று கேளுங்கள். கடினப் பாறையில் தண்ணீர் நிற்பது விரிசல்களில்தான் என்பதை வகுப்பே சொல்லிவிடும்.

நெருப்புக் குழம்பு அவ்வளவு எளிதில் போகாது. ஆரஞ்சு வண்ணம் பூசிய படத்தைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்களிடம் "கவசம், அதாவது மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த அடுக்கு, திடப்பாறை" என்று சொன்னால், தேர்வில் அப்படியே எழுதிவிட்டு மனதில் பழைய படத்தையே வைத்திருப்பார்கள். அதனால் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பத்துப் பேர் வரிசையாக, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நிற்கட்டும். ஓரத்தில் இருப்பவர் முன்னும் பின்னும் சாய்ந்தால் அந்த அசைவு கடைசி ஆள்வரை போகும். நிலநடுக்கத்தில் கிளம்பும் இரண்டு வகை அலைகளில் இதுதான் இரண்டாம் நிலை அலை. இப்போது கைகளை எடுத்துவிட்டுத் தோள் உரசி மட்டும் நிற்கச் சொல்லுங்கள், இது திரவம். சாய்வு பக்கத்து ஆளுக்கே போகாது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் தள்ளு கடைசிவரை போகும். அது இன்னொரு வகை, முதன்மை அலை.

சரி, நிலநடுக்கத்தின் இரண்டாம் நிலை அலை கவசம் முழுவதையும் கடந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது, அங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். திரவம் எங்கே இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதுதான் வெளிக்கருவம், பூமியின் நடுப்பகுதியான கருவத்தின் வெளி அடுக்கு; பெரும்பகுதி இரும்பு. பூமிக்குத் தனியாக ஒரு கருவம் உண்டு என்று 1906-இல் நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு காட்டிய ரிச்சர்ட் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்து 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். இதைச் சொன்னால் பின்வரிசையும் நிமிரும்.

உடனே இரண்டு கேள்விகள் வரும். வராவிட்டால் பாடம் இறங்கவில்லை. கவசம் மெல்ல நகர்கிறது என்கிறார்களே, திடப்பாறை எப்படி நகரும்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தொடங்கிய கீல் (தார் போன்ற கரும்பிசின்) சோதனையைச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் சில்லுச்சில்லாக உடைகிற அந்தப் பொருள், புனலிலிருந்து பல ஆண்டுகளுக்கு ஒரு சொட்டாக வடிகிறது. அடுத்தது, லாவா எங்கிருந்து வருகிறது? கவசத்தின் மேற்பகுதியில் சில இடங்களில் சிறிதளவு பாறை உருகுகிறது, அங்கிருந்து. சூடு கூடினால்தான் உருகும் என்று நினைப்பார்கள். மேலே எழும் பாறையின் மீது அழுத்தம் குறைந்தாலும் உருகும், தண்ணீர் உள்ளே புகுந்தாலும் உருகும். இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.

களப்பயணத்துக்குப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போவேன். அந்தக் களிமண் மேடுகளில் அம்மோனைட் (பழங்காலக் கடலுயிரியின் சுருள் ஓட்டுப் புதைபடிவம்) கிடைத்ததும், "சுனாமியில் வந்ததா சார்?" என்று ஒரு குரல் வரும். 2004-க்குப் பிறகு வளர்ந்த தலைமுறை, அந்தச் சந்தேகம் நியாயமானதே. இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே நாள் அலை எதை விட்டுப் போகும் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்: மெல்லிய மணல் படுகை, கலந்து கிடக்கும் குப்பை. அப்புறம் எதிரே இருப்பதைப் பார்க்கட்டும். அடுக்கடுக்காக நுண்ணிய களிமண். அதில் ஒரு பிடியைத் தண்ணீர் பாட்டிலில் கலக்கி வைத்தால் தெளிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அங்கேயே தெரியும்; இத்தனை அடுக்கு ஒரே நாள் அலையில் படியாது என்பதும் புரியும். அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சிப்பிகள் திட்டாகக் குவிந்திருப்பதையும் காட்டினால் இன்னும் நல்லது. அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் கல்மரத்தின் முன்னால் இதே தவறு தலைகீழாக வரும். 18 மீட்டர் மரத்தைப் பார்த்ததும் "இங்கே காடு இருந்தது" என்பார்கள். சுற்றியுள்ள பாறையோ கடலில் படிந்தது. ஆற்றோடு வந்து கடலில் மூழ்கிய மரம் அது.

பாறை வேறு, கனிமம் வேறு என்பதற்கு வீட்டுச் சமையல் மேடையே போதும். கடையில் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ என்ற வேறு பாறை. காஷ்மீர் வொயிட் என்று விற்கும் வெள்ளைக் கல் மதுரைப் பக்கம் வெட்டி எடுப்பது, அதில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். இதைச் சொல்லிக் கடைக்காரரிடம் வாதம் செய்யப் போகாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.