ஆக்டினும் மரபணுவும்: இழையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆக்டின் என்றதும் நுண்ணோக்கியில் தெரியும் இழைகள்தான் நினைவுக்கு வரும். செல்லுக்கு வடிவம் கொடுப்பவை, அதை நகர்த்துபவை. அவற்றுக்கும் மரபணுப் படியெடுத்தலுக்கும், அதாவது மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதற்கும், தொடர்பு உண்டு என்று படித்தவுடன் பலர் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: இழை கூடினால் மரபணு இயங்கும், இழை சிதைந்தால் அடங்கும். முதல் தவறு இது. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே முளைக்கின்றன.

மரபணுக்களை இயக்க உதவும் எம்ஆர்டிஎஃப் என்ற புரதங்களின் வழித்தடத்தில் செய்தியைச் சொல்வது இழையில் சேராமல் தனித்துத் திரியும் மூலக்கூறு, அதாவது ஜி-ஆக்டின். அவற்றில் ஒன்றான எம்ஆர்டிஎஃப்-ஏ புரதத்தில் அது வந்து ஒட்டுவதற்கென்றே ஆர்பெல் எனப்படும் பகுதிகள் மூன்று இருக்கின்றன. ஒட்டியிருக்கும் வரை அந்தப் புரதம் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில்தான் இருக்கும். பட்டினி போட்ட செல்லுக்குச் சீரம் (வளர்ச்சியைத் தூண்டும் இரத்தத் தெளிவு) கொடுத்தால், இழை உருவாவதைத் தூண்டும் ரோ-ஏ புரதம் விழித்துக்கொள்கிறது, தனி மூலக்கூறுகள் இழைகளில் போய்ச் சேர்கின்றன, ஜி-ஆக்டின் குறைகிறது. பிடி விட்ட எம்ஆர்டிஎஃப் சில நிமிடங்களிலேயே உட்கருவில் குவிந்து, டிஎன்ஏவில் ஒட்டும் எஸ்ஆர்எஃப் புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. இவ்வளவு வேகமாக நடப்பதை மறுநாள் மட்டும் அளந்துவிட்டு 'மாற்றமில்லை' என்று எழுதுவது நியாயமில்லை.

இழைக் கணக்கு எங்கே உடைகிறது என்பதைக் காட்ட இரண்டு மருந்துகள் போதும். லட்ரன்குலின்-பி, சைட்டோகலாசின்-டி இரண்டுமே இழைகளைக் குலைப்பவை. ஆனால் முதலாவது எஸ்ஆர்எஃப் செயல்பாட்டை அடக்குகிறது, இரண்டாவது தூண்டிவிடுகிறது! காரணம், சைட்டோகலாசின் ஜி-ஆக்டினில் ஒட்டி எம்ஆர்டிஎஃப்பை விடுவித்துவிடுகிறது. லட்ரன்குலின் பிடித்த ஆக்டினோ எம்ஆர்டிஎஃப்பை விடுவதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. 'ஆக்டினைக் குலைத்தோம்' என்று மட்டும் எழுதிய அறிக்கையைக் கண்டால், எந்த மருந்து என்றுதான் முதலில் தேடுவேன்.

சாயத்திலும் கவனம் தேவை. ஃபல்லாய்டின் இழையில் மட்டுமே ஒட்டும். ஜி-ஆக்டின் அதற்குத் தெரியவே தெரியாது. இழைகளை நிலைநிறுத்தும் ஜாஸ்ப்ளாகினோலைடு கொடுத்த செல்லில் ஃபல்லாய்டின் மங்கும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால் வரும் மங்கல் அது; இழை அழிந்துவிட்டது என்று படித்துவிடக் கூடாது.

ஆக்டின் உட்கருவுக்கு வெளியே மட்டும் இருக்கிறது என்ற எண்ணமும் பழகிப்போன ஒன்று. இம்போர்ட்டின்-9 என்ற புரதம் ஆக்டினை உள்ளே கொண்டுபோகிறது, எக்ஸ்போர்ட்டின்-6 வெளியே கொண்டுவருகிறது. எம்ஆர்டிஎஃப் உட்கருவுக்குள் வந்துவிட்டதாலேயே மரபணு இயங்கிவிடாது என்பதும் இதனால்தான். எம்ஆர்டிஎஃப் வெளியேறும் வழியை லெப்டோமைசின்-பி என்ற மருந்து கொண்டு அடைத்தால் அது உள்ளே குவிகிறது. ஆனால் அங்கிருக்கும் ஆக்டின் பிடித்துவைத்திருப்பதால் படியெடுத்தல் தொடங்குவதில்லை. 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது இது. ஆகவே படத்தோடு நிறுத்தாமல் ஆர்என்ஏவையும் அளக்க வேண்டும்.

அளக்கும்போதுதான் கடைசிக் கண்ணி. மாறாத அளவுகோல் என்று பழக்கத்தில் பீட்டா-ஆக்டின் மரபணுவையே எடுத்துக்கொள்கிறோம். அதுவே எஸ்ஆர்எஃப் இயக்கும் மரபணு. சீரமோ இந்த மருந்துகளோ கொடுத்த செல்லில் அதுவும் ஏறும், இறங்கும்; அதை வைத்து வகுத்தால் மற்ற மரபணுக்களின் உண்மையான ஏற்றம் சுருங்கித் தெரியும். அதே மருந்து, அதே நேரப் புள்ளிகளில் அசையாமல் நிற்கின்றனவா என்று சோதித்துப் பார்த்த வேறு இரண்டு மூன்று மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள்.