கிம் கேம்பெலின் ஒரு மணி நேரம்: பணி அனுபவத்தைத் தலைமைத்துவ உரையாக்கும் முறை

தலைமைத்துவம் குறித்துப் பேச அழைக்கப்படுபவர்களில் பலர், பிறந்த ஊரில் தொடங்கிப் பெற்ற பதக்கங்களில் முடியும் தன்வரலாற்றையே உரையாக்கிக் கொள்கின்றனர். அவையோர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். ஒரே நிகழ்வைத் தேர்ந்து அதற்குள் நின்று பேசும் முறையைக் கற்க விரும்புவோருக்கு, அமெரிக்க விமானப்படையின் ஓய்வுபெற்ற கர்னல் கிம் கேம்பெல் நல்ல முன்மாதிரி. போர் விமானங்களைப் பெண்கள் ஓட்டுவதற்கு இருந்த தடையை அமெரிக்கா நீக்கிய 1993ஆம் ஆண்டிலேயே விமானப்படைப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, 1997இல் பட்டம் பெற்று, ஏ-10 தாக்குதல் விமானத்தின் விமானியானவர் அவர். ஓய்வுக்குப் பின் தலைமைத்துவப் பேச்சாளரானார்.

முதலில், உங்கள் முடிவு ஒன்றைச் சார்ந்து பிறருடைய நலனும் இருந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். கேம்பெலுக்கு அது ஈராக் போரின்போது வந்த 2003 ஏப்ரல் 7. டைகிரிஸ் ஆற்றருகே எதிரியின் தாக்குதலுக்கு உள்ளான அமெரிக்கத் தரைப்படையினருக்கு உதவியபின் திரும்பும்போது, பாக்தாத் வானில் அவருடைய விமானம் சுடப்பட்டது. திரவ அழுத்தத்தால் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. விமானம் இடப்புறமாகச் சரிந்து நகரை நோக்கி இறங்கியது.

இந்தக் கட்டத்தில்தான் பேச்சாளர்கள் வழக்கமாகத் தடுமாறுகின்றனர். அடிபட்ட கணத்தை விவரிப்பதிலேயே உரையின் பாதி கழிந்துவிடும். கேட்பவர் அந்தக் கணத்தைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதற்கு முன்பு நடந்த பயிற்சியையும் பின்பு எடுத்த முடிவுகளையும் எடுத்துச் செல்லலாம். கேம்பெல் ஒரு விசையைத் தட்டி, ஹைட்ராலிக் துணையின்றிக் கம்பி வடங்களின் வழியே கைவலிமையால் விமானத்தைச் செலுத்தும் முறைக்கு மாறினார். அவசரத்துக்கென்றே வைக்கப்பட்ட அந்த முறையில் தரையிறங்குவது மிகவும் ஆபத்தானது: 1991 வளைகுடாப் போரில் அவ்வாறு முயன்ற விமானி ஒருவர் உயிரிழந்தார். ஆகவே, தளத்தை நோக்கிப் பறந்த ஏறத்தாழ ஒரு மணி நேரம் முழுவதும் அவர் முன் ஒரு கேள்வி இருந்தது. பாதுகாப்பான பகுதியை அடைந்ததும் பாராசூட்டுடன் வெளியேறுவதா, விமானத்தைத் தரையிறக்குவதா? உரையின் பெரும்பகுதியை இத்தகைய கேள்விக்கு ஒதுக்குங்கள். எதை எடைபோட்டீர்கள், எந்தத் தகவல் கையில் இல்லை, யாரிடம் கேட்டீர்கள் என்பவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்டீர்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். மற்றொரு விமானத்தில் உடன் பறந்த மூத்த விமானி வெளியிலிருந்து சேதத்தைப் பார்த்துச் சொன்னதும், இருவரும் சரிபார்ப்புப் பட்டியலை ஒன்றாகச் சரிபார்த்ததும் கேம்பெலின் கதையில் முதன்மை இடம் பெறுகின்றன. நூற்றுக்கணக்கான துளைகளுடன் தரையிறங்கிய விமானத்தின் படம் அவையைக் கவரும் என்பது உண்மைதான். அதைத் திரையில் நெடுநேரம் நிறுத்திவைத்தால் மக்கள் துளைகளை எண்ணுவார்கள், பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

அச்சத்தை மறைக்கவும் வேண்டாம். தாம் அஞ்சியதைக் கேம்பெல் வெளிப்படையாகவே சொல்கிறார், அதனால்தான் அவருடைய நிதானம் நம்பத்தக்கதாகிறது. நெருக்கடியில் முதலில் விமானத்தைக் கட்டுப்படுத்து, அடுத்துத் திசையைத் தீர்மானி, அதன்பின் பேசு என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசையை அவர் நிர்வாகிகளுக்கும் எடுத்துரைக்கிறார். உங்கள் தொழிலிலும் இத்தகைய மனப்பாட விதி ஒன்று இருக்கும்: மருத்துவமனைச் செவிலியருக்கு ஒன்று, கொதிகலன் இயக்குபவருக்கு மற்றொன்று. கடன் வாங்கிய விமானப்படை விதியைவிட அது அவையில் நன்றாக எடுபடும்.

எழுதி முடித்த உரையை, அந்த நாளில் உங்களுடன் இருந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அச்சத்தில் கழிந்த நிமிடங்கள் நினைவில் நீண்டுவிடும், நிகழ்வுகளின் வரிசையும் மாறிவிடும்; அவர் திருத்துவதைத் திருத்தியபிறகே மேடையேறுங்கள்.